நடுவில் என்ன இருக்கிறது

குமரன் ரோட்டில் பனியன் கடைக்கு மேலே
இரும்புப் படி ஏறினால் மூன்றாவது கதவு.
கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தன
நகத்தளவில் ஒன்று,
விரல் நீளத்தில் ஒன்று,
கொம்பு முளைத்த ஒன்று.
நகத்துக்கு முந்நூற்றைம்பது. கொம்புக்கு ஆயிரத்து நூறு.

"எதுங்க நல்லது?" என்றேன்.
கடைப் பையன், வெற்றிச்செழியன் என்று சட்டையில் பட்டை,
எதையும் எடுத்துக் காட்டவில்லை.
"ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல
என்னங்க்கா இருக்குது?"

ரவுட்டர் முன்னறையில், டிவிக்கு மேலே.
கம்ப்யூட்டர் பின்னறையில்,
எம்பிராய்டரிக்கு நான் பஞ்சிங் போடும் மேசையில்.
எங்கே குத்தி எங்கே எழ வேண்டும் என்று
ஊசிக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை.
கைக்குழந்தைச் சட்டையில் ஒரு யானைக்கு
ஒன்பதாயிரத்துச் சொச்சம் தையல்.
இரு அறைக்கும் நடுவே நிலவுக்கட்டையோரம்
ஒரு நீல வயர் ஓடிக்கொண்டிருந்தது.
கார்த்திகையில் எலி கடித்துவிட்டது.
மாற்றச் சொல்ல வேண்டிய ஆளிடம்
நான் சொல்லவில்லை.

"ரெண்டு செவுருங்க."
என்ன சுவர் என்று கேட்டான்.
ஒன்று ஹாலோபிளாக். ஒன்று மாமனார் எழுப்பிய கருங்கல்.
"அப்புறம்?"
பீரோ.
"இரும்பு பீரோங்களா?"
இரும்புதான். எங்கப்பா சீராகக் கொடுத்தது.
ஆளுயரக் கண்ணாடி வைத்தது.
"கண்ணாடியும் திருப்பி அடிக்குமுங்க்கா,"
சிரிக்காமல்தான் சொன்னான்.
"அப்புறம்?"

அப்புறம்
ஐப்பசியிலிருந்து பேச்சு இல்லை.
சீட்டு எடுக்க என் கையெழுத்தை
அவரே போட்டுக்கொண்டார்,
என் 'ழ'வின் வால் உட்பட.
அதைத் தாண்டுமா என்று
எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சடித்திருக்காது.

"அவ்ளோதானுங்க."

"அஞ்சு ஜிகாஹெர்ட்ஸ் வேகமுங்க்கா,
ஆனா செவுத்தைக் கண்டா நின்னுக்கும்.
ரெண்டு புள்ளி நாலு மெதுவு. சந்துபொந்துல பூந்து வந்துரும்.
இது ரெண்டும் புடிக்கும்."
கொம்பை எடுத்தான்.
ஒன்றரை மீட்டர் கேபிளும் சேர்த்துக் கட்டினான்,
பீரோ தலையில் ஏற்றிவிடச் சொல்லி.
ஐம்பது ரூபாய் குறைக்கச் சொன்னேன்.
முப்பது குறைத்தான்.

பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிடி.
என் கம்ப்யூட்டருக்கு சிடி போடும் வாயே கிடையாது.
நெட் வர டிரைவர் வேண்டும்,
டிரைவர் வர நெட் வேண்டும்.
மாப்பிள்ளை அழைப்புக்கு
மாப்பிள்ளையையே அனுப்பின மாதிரி.
போனை வயரில் மாட்டி
அன்றைய மிச்ச டேட்டாவில் இறக்கினேன்.

நாற்காலி மேல் நாற்காலி போடாத குறையாக ஏறி
பீரோவின் தலையில் அதை நிறுத்தினேன்.
கொம்பை முன்னறைப் பக்கம் திருப்பினேன்.
திரையில் தெருவே வந்து நின்றது.
கறிக்கடை மாடி.
சண்முகா டையிங்.
'சொந்தமா வாங்கிக்கோ' என்று ஒருவர்.
எங்கள் வீடு ஐந்தாவது. இரண்டு கோடு.
தொட்டால் பாஸ்வேர்ட் கேட்டது.

மாற்றியிருப்பார்.
நானாயிருந்தால் மாற்றியிருப்பேன்.

'பாஸ்வேர்ட்?' என்று போனில் அனுப்பினேன்,
கேள்விக்குறியோடு ஒரே சொல்.
அது மங்கலம் ரோட்டு டவருக்குப் போய்,
அங்கிருந்து எந்த நாட்டுக்கோ போய்,
திரும்பி வந்து எங்கள் முன்னறையில்
'டிங்' என்றது.
கருங்கல், ஹாலோபிளாக், பீரோ
எல்லாவற்றுக்கும் இந்தப் பக்கம்
எனக்குத் தெளிவாகக் கேட்டது.

டிவி சத்தம் குறைந்தது.
நெடுநேரம் 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது.
வந்தது ஒரே சொல்தான்.

'பழசுதான்'

அடித்தேன். ஏற்றுக்கொண்டது.
பீரோ மேல் பச்சை விளக்கு சிமிட்ட,
பதினொன்றே முக்காலுக்கு யானை
அனுப்பர்பாளையம் போய்ச் சேர்ந்தது.

ஒரு வருஷம் வாரண்டி என்று பெட்டியில் போட்டிருந்தது.
பில்லை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.
அவருக்கு இன்னும் பதில் போடவில்லை.